இது போர்ச்சுக்கீசியர் கட்டிய கோவில் அல்ல

மணப்பாடு என்று தேடிப் பாருங்கள். டிரோன் மேலே ஏறும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, நடுவில் மணல் குன்று, குன்றின் மேல் கோவில். பின்னணியில் கிடார். ‘தமிழ்நாட்டின் குட்டி வெனிஸ்’ என்று ஒரு குரல் சொல்லும். அடுத்த காணொளியில் அதே ஊர் ‘மினி கோவா’ ஆகியிருக்கும். வெனிஸோ கோவாவோ, ஒரு வாக்கியம் மட்டும் எல்லாவற்றிலும் தவறாமல் வரும்: ‘போர்ச்சுக்கீசியர் கட்டிய 400 வருடத்துச் சர்ச்’. அந்த இடத்தில் குரல் கொஞ்சம் மரியாதையாகத் தாழும்.

என் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடுதான். அது வெறும் தகவல் பிழை என்றால் விட்டுவிடலாம், இணையத்தில் எத்தனையோ பிழை. ஆனால் இந்த வாக்கியம் வேலை செய்கிறது. ஒரு வீட்டை அதன் சொந்தக்காரன் பெயரிலிருந்து மாற்றி வேறொருவன் பெயரில் பதிவு செய்கிறது. அப்படிப் பதிவு மாறிய வீட்டை இடிப்பது சுலபம். புன்னைக்காயலிலிருந்து கூட்டப்புளி வரை கரையோரமாகப் போய்ப் பாருங்கள், பழைய சிறிய கோவில் இருந்த இடத்தில் கான்கிரீட் கோபுரம் நிற்கும் ஊர்கள் எத்தனை என்று. பழையது யாரோ வெள்ளைக்காரன் கட்டியது, புதியது நாங்கள் கட்டியது, இதுதான் அந்த ஊர்களில் கேட்கும் நியாயம். காணொளிக்காரனும் கமிட்டிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இருவரும் ஒரே பொய்யை நம்புகிறார்கள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக.

1540 வாக்கில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கிழக்கே வந்த ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல் புயலில் சிக்கியது. பாய்மரம் முறிந்தது. உயிர் பிழைத்தால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து, கரை ஒதுங்கும் இடத்தில் நடுவேன் என்று கப்பித்தான் நேர்ந்துகொண்டான். ஒதுங்கிய இடம் மணப்பாடு. குன்றின் மேல் சிலுவை நின்றது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார், குன்றின் கடல் பக்கத்துக் குகையில் தங்கினார், ஜெபித்தார். 1581-ல் சிலுவை நின்ற இடத்தில் கோவில் எழுந்தது. ரோமிலிருந்து மெய்யான திருச்சிலுவையின் துண்டு ஒன்று வந்து சேர்ந்தது. இன்றும் செப்டம்பர் 1-ல் கொடி ஏறி 14-ல் திருநாள்.

நல்ல கதை. இதில் ஆட்கள் யார் யார் என்று எண்ணுங்கள். கப்பித்தான், சவேரியார், ரோம். ஊர் எங்கே? காற்று அடிக்கிறது, மரம் முறிகிறது, சிலுவை தானாகக் குன்றேறி நின்றுகொள்கிறது, நாற்பது வருடம் கழித்துச் சுவர் தானாக முளைக்கிறது. கப்பல் பாய்மரம் என்றால் பனங்கை கனமா? புயலில் அடிபட்டு வந்த மாலுமிகள் மட்டும் அதைத் தோளில் வைத்து மணல் குன்றில் ஏற்றிவிட்டார்களா? அந்தக் கரையில் மரத்தையும் தோணியையும் மணலில் இழுத்து ஏற்றும் வேலையைத் தினமும் செய்துகொண்டிருந்தவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான். கதைக்குள் அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை.

சவேரியார் விஷயமும் இப்படித்தான். அவர் 1544-ல் இந்தக் கரையிலிருந்து மான்சிலாஸ் என்ற தன் கூட்டாளிக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை என்று ஊர் ஊராக இருந்து எழுதியவை. அந்த ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. ஜனங்கள் கடலுக்குள் நீட்டியிருக்கும் பாறைகளில் ஒளிந்து பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று, போய்ச்சேர முடியவில்லை. இதைச் சொல்லும்போது நாம் வழக்கமாகப் புனிதரின் கருணையை வியக்கிறோம். வியக்கலாம், தகும். அதோடு ஒரு சின்னக் கேள்வியும் கேட்கலாம். அந்த 20 தோணி யாருடையது? தண்டு வலித்தது யார்? ஆனி மாதத்துக் கச்சான் தெரிந்தும் தெற்கே தோணி விட்டது யார்? நவார் நாட்டுப் பிரபுவின் மகனுக்கு எதிர்க்காற்றில் தோணி செலுத்தத் தெரியாது. அவருக்குத் தமிழும் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை அவர் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருவில் ஒப்பித்தார். சவேரியார் பேசிய தமிழ் கரைக்காரர்கள் அவர் வாயில் வைத்த தமிழ். அவர் பரதவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதும் புத்தகங்களில், பரதவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பற்றி ஒரு பக்கம் இருக்காது.

அந்தக் குகையைப் பற்றி ஒன்று. உள்ளே ஒரு கிணறு, கடலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, தண்ணீர் நல்ல தண்ணீர். சவேரியாருக்கு முன்னால் அங்கே ஒரு சைவச் சந்நியாசி இருந்தார் என்று குகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மணப்பாட்டில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். கோவில்காரர்களே எழுதி வைத்தது! யாரும் வெட்கப்படவில்லை, மறைக்கவில்லை. சந்நியாசி இருந்தார், பிறகு சாமியார் இருந்தார், தண்ணீர் இரண்டு பேருக்கும் இனித்தது. டிரோனுக்குக் குகை தெரியாது, அது மேலே போகும் சாமான்.

சரி, ‘கட்டினார்கள்’ என்ற சொல்லுக்கு வருவோம்.

பரதவர்கள் 1535 முதல் 1537 வரை கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பில் போட்டி, உயிருக்கே ஆபத்து, கொச்சிக்குத் தூது, போர்ச்சுக்கீசியக் கடற்படையின் பாதுகாப்பு. அது ஆன்மிகம் மட்டுமல்ல, அரசியல் முடிவும்தான். ஊர்த் தலைவர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. இதில் அவர்களை ஏமாந்தவர்களாகக் காட்டுவதும், ரட்சிக்கப்பட்டவர்களாகக் காட்டுவதும் ஒன்றுதான். இரண்டிலும் முடிவெடுத்தவன் வேறு ஒருவன்.

முதலில் எழுந்த கோவில்கள் மண்ணும் பனையோலையும். கல்லும் சுண்ணாம்பும் பிறகு வந்தன. ஆனால் போர்ச்சுக்கீசியர் எத்தனை நாள் இருந்தார்கள்? 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அதோடு இந்தக் கரையில் போர்ச்சுக்கல் கதை முடிந்தது. ஏறத்தாழ 120 வருடம், அவ்வளவுதான். டச்சுக்காரர்கள் சீர்திருத்த சபை. சுரூபமும் மாதாவும் அவர்களுக்கு ஆகாது. பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. டச்சுக் கம்பெனியின் கொடி பறந்துகொண்டிருந்த அதே தூத்துக்குடியில் 1713-ல் பனிமய மாதா கோவில் எழுந்தது. 1806-ல் அதே மாதாவுக்குத் தங்கத் தேர் ஓடியது. அப்போது கரையில் ஒரு போர்ச்சுக்கீசியப் பீரங்கிகூடக் கிடையாது. கோவில் போர்ச்சுக்கீசியருடையது என்றால் அது 1658-ல் கப்பலேறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் வரலாறு. அந்த வரலாற்றை எழுதாமல் ‘போர்ச்சுக்கீசியர் கட்டியது’ என்று முடித்துக்கொள்வது எழுதுகிறவனின் சோம்பல்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. என்ரிக்கே என்ரிக்கஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த அச்சுவேலைக்கு 400 குருசாடோ பணம் கொடுத்தது முத்துக்குளித்துறைப் பரதவர்கள். இந்திய மொழிகளின் எழுத்தில் அச்சு ஓடத் தொடங்கிய கதைக்குள் முத்தும் மீனும் விற்ற காசு கிடக்கிறது. புத்தகத்துக்கே இப்படியென்றால் கோவிலுக்குக் காசு லிஸ்பனிலிருந்தா வந்திருக்கும்? இன்றும் இந்தக் கரைகளில் கோவிலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பிடிபட்ட மீனில் ஒரு பங்கு. கன்னியாகுமரிக் கரையில் அந்தப் பங்கை வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டு அதைக் ‘குத்தகை’ என்றார்கள், அந்தக் குத்தகையை வைத்துச் சாமியாருக்கும் ஊருக்கும் சண்டைகளும் நடந்திருக்கின்றன. மணப்பாட்டில் கொழும்பு வியாபாரக் காசில் எழுந்த பெரிய பெரிய வீடுகள் இப்போதும் நிற்கின்றன. கோவிலுக்குக் கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே பார்த்தால் இந்த வீடுகள். பணம் வந்த வழி இரண்டு திசையிலும் தெரிகிறது. நமக்குத்தான் லிஸ்பன் தெரிகிறது.

கட்டிடத்தையே பார்ப்போம். கடற்கரையில் ஒரு கோவில் ஒருமுறை கட்டப்படுவதில்லை. உப்புக்காற்று ஒவ்வொரு வருடமும் அதைக் கொஞ்சம் தின்கிறது. ஒவ்வொரு வருடமும் திருநாளுக்கு முன்னால் ஊர் அதைத் திரும்பக் கொஞ்சம் கட்டுகிறது. சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், செல்லரித்த பனங்கையை உருவிப் புதியது சொருக வேண்டும். மணப்பாட்டுக் கோவில் 1581 என்றாலும் இன்று நாம் பார்ப்பது அந்த வருடத்துச் சுவர் மட்டுமல்ல, நாலு நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு. வரைபடம் யாருடையதாகவும் இருக்கட்டும். வளைவும் பீடமும் முகப்பும் ஐரோப்பாவிலிருந்து வந்த யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசனை மழையைத் தடுக்காது.

இந்தக் கரையின் பழைய சுவர்கள் எதனால் ஆனவை? கடலிலிருந்து எடுத்த சிப்பியையும் பவளக்கல்லையும் காளவாசலில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர். மேலே தேரிக்காட்டுப் பனையின் வைரம் பாய்ந்த கை. அதன்மேல் நாட்டு ஓடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு மங்களூர் ஓடு. கடலும் தேரியும் சேர்ந்து கட்டிய சுவர் என்று சொன்னால் கவிதை மாதிரி இருக்கும். ஆனால் சும்மா சாமான் பட்டியல்தான் இது. இப்படி ஒரு சுவர் மூச்சுவிடும். ஈரத்தை உள்ளே இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். உப்பு பூத்து உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். அது பலவீனம் இல்லை, உப்பைச் சமாளிக்கும் முறையே அதுதான்.

இனி அப்படிச் சுவர் எழுப்பவும் முடியாது. மன்னார் வளைகுடாவில் பல காலம் வெட்டியெடுத்த பவளப்பாறையை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. சரியான சட்டம், வெட்டிக் கெடுத்தது போதும். ஆனால் அதன் பொருள் என்ன? பவளம் கலந்த ஒரு பழைய சுவரை இன்று இடித்தால், அதே சுவரை நீங்கள் கோடி ரூபாய் வைத்தாலும் திரும்பக் கட்ட முடியாது. அதை இடிக்கத்தான் ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை பேசுகிறோம்.

கோபுரத்துக்கு வேறொரு உபயோகம் இருந்தது. கடலுக்குள் போனவன் தான் எங்கே நிற்கிறான் என்பதைக் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான். கோவில் சிலுவைக்கு நேர் இந்தப் பனைக்கூட்டம், இல்லை கோபுரத்துக்கு நேர் அந்த மலை. அப்படிப் பார்த்தால் அடியில் இன்ன பாறை, இன்ன மீன். அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. கோவில் என்பது பூசைக்கு மட்டுமான இடமாக இருக்கவில்லை, கடலின் வரைபடத்தில் அது ஒரு ஆணி. இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் ஆணியைப் பிடுங்கலாம் என்றால், கேட்க ஒன்றுமில்லை.

முன்னால் இருக்கும் மணல்வெளியையும் சொல்ல வேண்டும். கட்டிடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் கோபுரத்தை அளப்பார்கள், மணலை அளக்கமாட்டார்கள். இந்தச் சிறிய கோவில்களில் பாதிக் கோவில் வெளியேதான் இருக்கிறது. வலை காயும், ஊர்க்கூட்டம் நடக்கும், சப்பரம் சுற்றும், கடலில் காணாமல் போனவனுக்காகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். 2011-ல் கூடங்குளம் அணுஉலைக்கு எதிரான போராட்டம் உலகத்துக்குத் தெரிந்தது எங்கிருந்து? இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன்னால் போட்ட பந்தலிலிருந்து. அந்த வெளி இல்லாமல் அந்தப் போராட்டம் இல்லை. புதிய கான்கிரீட் கோவிலுக்கு வரைபடம் போடும்போது முதலில் விழுங்கப்படுவது அந்த வெளிதான். மீதியில் இன்டர்லாக் கல், கெபி, கார் நிறுத்துமிடம்.

இடிக்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஊரில் கமிட்டியில் இருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதையெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க போட்டோ புடிச்சிட்டுப் போயிருவீய. ஐப்பசி மழையில ஒழுகுறது எங்க தலையிலல்லா? திருநாளுக்குப் பாதி ஜனம் வெயில்ல நிக்கி. சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச கொத்தனாரு யாரு இருக்கா, நீங்க கூட்டியாங்களேன்.” பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கரைக்காரன் இல்லை, ஆத்துக்காரன். தாமிரபரணித் தண்ணி குடித்து வளர்ந்தவன். அந்தக் கோவில் கூரைக்கு நான் ஒரு ஓடு வாங்கிக் கொடுத்ததில்லை. ஓடு வாங்காதவனுக்கு ஓட்டு இல்லை என்று அவர் சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

ஆனால் போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: “பக்கத்து ஊர்க்காரன் கட்டிட்டாம்லா.” அதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். ஜனம் பெருகியதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கொட்டகை போடலாம், பழையதை ஒட்டிப் புதியது கட்டலாம், உலகத்தில் பல இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிடப் பத்தடி உயரம் வேண்டும் என்பதற்கு இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகளின் காசு வந்து குவிகிறது, கருப்புக் கிரானைட்டில் பெயர் பொறிக்க வேண்டும். ஆயர் பெயர், பங்குச் சாமியார் பெயர், இன்ஜினியர் பெயர், உபயதாரர் பெயர் எல்லாம் இருக்கும். கொத்தனார் பெயர்? 1581-லும் இல்லை, இப்போதும் இல்லை. இந்த ஒரு மரபை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறோம்.

அந்தக் கான்கிரீட் எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. கடற்கரையில் கான்கிரீட்டின் எதிரி உள்ளே இருக்கிறது. உப்பு நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடித்துத் தள்ளும். கரையோர ஊர்களில் இருபது முப்பது வருடத்துக்குள் கூரைச் சில்லுகள் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைப் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற ரயில்வே ஓயாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் 2022-ல் ரயிலை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. ரயில்வேக்கே அந்தப் பாடு. கமிட்டியின் கோபுரத்துக்குள் ஏறிக் கம்பியைப் பார்க்கப்போவது யார்? நாலு நூற்றாண்டு நின்றதை இடித்து நாற்பது வருடம்கூட நிச்சயமில்லாததைக் கட்டுவதற்கு ‘வளர்ச்சி’ என்று பெயர். இதில் பெரிய கொடுமை, இடிக்காமல் விட்ட பழைய சுவர்களிலும் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசுவது. மூச்சுவிடும் சுவரின் மூக்கைப் பொத்துகிற வேலை. ஈரம் வெளியே வர முடியாமல் உள்ளேயே உப்பைக் கட்டும். பத்து வருடத்தில் ‘பாத்தீயளா, பழைய சுவரு நிக்காது’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும், சாமியார் ஜனங்களைப் பார்த்துப் பூசை வைக்க வேண்டும் என்று வந்தபோதும் இப்படி ஒரு அலை அடித்தது. பீடத்தை முன்னால் கொண்டுவருவதற்குப் பின்னால் இருந்த பழைய மரப்பீடத்தை உடைக்க வேண்டும் என்று சங்கம் சொல்லவில்லை. உடைத்தவர்கள் நாம். ஜனங்களுக்குப் புரியும் மொழியில் பூசை என்ற அருமையான முடிவை, ஜனங்களின் பாட்டன் செதுக்கிய மரத்தை விறகாக்கிக் கொண்டாடினோம்.

இங்கே ஒருவர் கேட்கலாம், பழையது எல்லாம் புனிதமா என்று. இல்லை. கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வடக்கன்குளம் இருக்கிறது. அங்கே 1872-ல் கட்டிய திருக்குடும்பக் கோவிலுக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு கிளை. ஒரு காலில் வெள்ளாளர், ஒரு காலில் நாடார், நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஒரு பக்கத்துக்காரருக்கு மறுபக்கம் தெரியாது. சாதியை இவ்வளவு துல்லியமாகச் செங்கல்லில் எழுதிய கட்டிடம் வேறெங்கும் இருக்குமா தெரியாது. 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இதை விரிவாகப் பேசுகிறது, படியுங்கள். அந்த இடிப்பை நான் இரண்டு கையும் தூக்கி வரவேற்கிறேன். அவர்கள் இடித்தது சுவரை, கோவிலை இல்லை. கால்சட்டை வடிவம் அப்படியே நிற்பதால்தான் அந்தக் குற்றத்தை இன்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறது. மொத்தத்தையும் தரைமட்டமாக்கி டைல்ஸ் போட்டிருந்தால், ‘எங்க ஊர்ல சாதியா, எப்பவுமே கிடையாதே’ என்று சொல்வதற்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

கரைக் கோவில்களிலும் இந்தக் கேள்வி உண்டு. பரதவர் கட்டினார்கள் என்று நான் சொல்லும்போது, காளவாசலில் சுண்ணாம்பு சுட்டவர்கள் யார், பனை வெட்டியவர்கள் யார், அவர்களுக்கு உள்ளே எங்கே இடம் இருந்தது என்று அடுத்த ஆள் கேட்க வேண்டும். கேட்கட்டும். கேட்பதற்குக் கட்டிடம் நிற்க வேண்டும்.

‘போர்ச்சுக்கீசியர் கட்டியது’ என்ற வாக்கியத்துக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. இவருக்கு டிரோனும் கிடாரும் வேண்டாம். ‘அதெல்லாம் அந்நியன் விட்டுட்டுப் போனதுதானே’ என்பதுதான் இவருக்கு வேண்டும். கட்டிடம் அந்நியனுடையது என்று ஒத்துக்கொண்டால், அடுத்த படி அதற்குள் முழங்காலிடுகிறவனும் அந்நியன். முத்துக்குளிப்பும் கடலும் சங்கப் பாட்டுக் காலத்திலிருந்து யாருடையதோ, அவனை நோக்கியே ‘நீ எங்கிருந்து வந்தாய்’ என்று கேட்கும் துணிச்சல் இப்படித்தான் பிறக்கிறது. சுற்றுலாக்காரரின் பாராட்டும் இவருடைய வசையும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கின்றன. அதனால்தான் இதை அசட்டுத் தகவல் பிழை என்று விட்டுவிட முடியவில்லை.

இலக்கியம் இந்தத் தப்பைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-ல் வந்தது, மணப்பாட்டுக் கரைதான் களம். அதில் கோவில் ஒரு காட்சிப்பொருளாக நிற்பதில்லை. வல்லம், விசைப்படகு, கடன், காதல், குடி எல்லாவற்றுக்கும் நடுவில் அது ஊரின் சாதாரணப் பொருளாக இருக்கிறது, அடுப்பு மாதிரி. உவரிக்காரரான ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ இரண்டிலும் கோவிலோடு ஊருக்கு இருக்கும் சண்டையும் உறவும் சேர்ந்தே வருகின்றன. சினிமா வந்ததும்தான் கோவில் மறுபடி படமானது. மணப்பாட்டின் கரையை நாம் திரையில் பார்த்திருக்கிறோம், அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்கள் ‘கடல்புரத்தில்’ படித்துவிட்டுப் போனால் குன்றிலிருந்து கீழே இறங்கித் தெருவையும் பார்ப்பார்கள்.

கடைசியாக, சட்டம். 2012-ல் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் நிறைவேறியது, பத்து வருடத்துக்கு மேல் காகிதத்தில் தூங்கியது. அரசைத் திட்டிக்கொண்டே இருக்கலாம், பலன் இல்லை. தவிர, அரசு கோவிலுக்குள் வந்து பலகை மாட்டுவதைக் கரை விரும்பாது, விரும்பாததற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் திருச்சபைக்கே ஒரு சட்டம் உண்டு. 1983-ம் வருடத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215-ம் விதிப்படி மறைமாவட்ட ஆயரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் ஒரு கோவிலும் கட்டக்கூடாது. கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் நிபுணர்களின் ஆலோசனையைப் பெற வேண்டும் என்கிறது அடுத்த விதி, 1216. ஆக, ஒவ்வொரு புதிய கோபுரத்துக்கும் பின்னால் ஒரு கையெழுத்து இருக்கிறது. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-ல் உருவானபோது அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச், இந்தக் காலத்தின் லத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர். கையெழுத்து வெள்ளைக்காரன் கையிலிருந்து நம் கைக்கு வந்து நூறு வருடம் ஆகிவிட்டது. இனி இடிப்பதற்கு வெள்ளைக்காரனைக் காரணம் காட்ட முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அந்தக் கையெழுத்து விழுவதற்கு முன்னால் மேசையில் புதிய கோவிலின் வண்ணப்படத்தோடு பழைய கோவிலின் அளவெடுத்த வரைபடமும் இருக்கட்டும். சுவர் எதனால் ஆனது, கை எந்த மரம், தரைக்கல்லில் யார் பெயர், கடைசியாக ஓடு மாற்றியது எந்த வருடம், காசு யார் கொடுத்தது என்று நாலு பக்கம் எழுதட்டும். ஊரில் இதெல்லாம் தெரிந்த கிழவிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், பின்மதியம் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து கோவில் படியில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பத்திரிகை படிக்கிற கரையோரத்துப் பிள்ளைகள் போனில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். ‘தம்பிரான் வணக்க’த்தின் எஞ்சியிருக்கும் பிரதி ஹார்வர்டு நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. புத்தகம், அதனால் கப்பலேற முடிந்தது.